ஊரைக் கேளுங்கள், டாக்டர்

கோவை, திருப்பூர், பல்லடம், அவிநாசி, சூலூர், பெருந்துறை வட்டாரங்களில் சாயங்கால கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கு,



நான் டாக்டர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 29 வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். சளியையும் ரத்தத்தையும் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்து பார்த்ததுதான் என் வேலை. உங்களுக்கு வைத்தியம் சொல்லித் தரும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்துபோய், வாரங்களும் மாதங்களும் கழித்து என் மேசைக்கு வந்து சேர்ந்தவர்களின் தகடுகளைப் பார்த்தவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், வங்காளம், அஸ்ஸாமிலிருந்து வந்து நம்மூர் ஃபவுண்டரியிலும் பனியன் கம்பெனியிலும் நூல் மில்லிலும் கோழிப்பண்ணையிலும் தேங்காய்நார் மில்லிலும் உழைக்கிறார்களே, அவர்களுக்கு முதல் வைத்தியர் நீங்கள்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. நடக்கும் நேரத்தில் அவர் மோல்டிங் தரையில் நிற்கிறார், அல்லது ஃபிளாட்லாக் மெஷின் முன்னால் இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் என்று நம் பெண்கள் வீடு வீடாகப் போகும்போது லைன் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது. ஷிப்ட் முடிந்து இரவு எட்டு, எட்டரைக்கு அவருக்குத் திறந்திருப்பவை இரண்டே இடங்கள்: மருந்துக்கடை, உங்கள் கிளினிக். ஒரு ஊசி, மூன்று நாள் மாத்திரை. மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும் என்பதால் அவரும் அதைத்தான் கேட்கிறார். வெளியே இருபது பேர் காத்திருக்க, பாஷை தெரியாத ஒருவரோடு நீங்கள் எவ்வளவு நேரம் செலவிட முடியும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கிடைக்கும் இரண்டு, மூன்று நிமிடத்துக்குள் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சொந்த ஊர் எது? கடைசியாக ஊருக்குப் போய்த் திரும்பியது எப்போது?

மலேரியாவைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். நம் பக்கம் மலேரியா அரிதாகிவிட்டது. நல்ல செய்திதான், அதற்குள்ளேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. இளம் டாக்டர்களில் பலர் படித்து முடித்த பிறகு ஒரு ஃபால்சிபாரம் நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் என்றதும் மனம் டெங்குவுக்குப் போகிறது, இல்லாவிட்டால் டைபாய்டுக்குப் போகிறது. ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் பக்கமோ, ஜார்க்கண்டின் மேற்கு சிங்பூம் பக்கமோ, சத்தீஸ்கரின் பஸ்தர் பக்கமோ காய்ச்சலுக்கு முதல் சந்தேகமே மலேரியாதான். ஒடிசா அரசு 2017 முதல் 'தமன்' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. எட்டாக்கை மலைக்கிராமங்களுக்குப் போய், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோர் ரத்தத்தையும் சோதித்து மருந்து கொடுக்கிறார்கள். காய்ச்சல் இல்லாதவரை எதற்குச் சோதிக்க வேண்டும்? சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்பக் கொசுக்கடி பட்டு வளர்ந்தவர், உடம்பில் கிருமியை வைத்துக்கொண்டே ஒன்றும் தெரியாமல் நடமாட முடியும் என்பதால்தான்.

மேற்கு ஒடிசாக்காரர்களுக்கு நுவாகாய் என்று ஒரு புத்தரிசித் திருநாள் உண்டு. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் வரும், நல்ல மழைக்காலம். நாம் பொங்கலுக்கு ஊர் போவதுபோல அவர்கள் அதற்குப் போகிறார்கள். சம்பல்பூர், ரூர்கேலா வழியாக வரும் தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ஏறித் திரும்பி வருகிறார்கள். ஃபால்சிபாரம் கிருமி கொசு கடித்த ஒன்பது நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலைக் காட்டும். அதாவது அவர் நல்ல உடம்போடு ரயிலேறி, நல்ல உடம்போடு திருப்பூரில் இறங்கி, வேலைக்கும் போய்விட்ட பிறகு இங்கே வைத்துத்தான் காய்ச்சல் வருகிறது. வைவாக்ஸ் கிருமியோ ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிவிட்டு எழும். ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும் மாத்திரை அதைத் தொடாது. ஜி6பிடி பார்த்து 14 நாள் பிரிமாகுயின் கொடுக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆனால் மூன்று நாள் சீட்டுக்குள் அது அடங்குவதில்லை.

ஒரு புரட்டாசி மாதம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த பையன், 22 வயது. நான்கு நாள் காய்ச்சலுக்கு இரண்டு கிளினிக்கில் டிரிப் ஏற்றியிருந்தார்கள். வைடால் பாசிட்டிவ் என்று ஒரு சீட்டு அவன் சட்டைப்பையில் இருந்தது. ஐந்தாம் நாள் நினைவு தப்பியதும், கூட இருந்த பையன்கள் வழியில் இருந்த எங்கள் நிலையத்துக்குத் தூக்கி வந்தார்கள். விரலில் குத்தி எடுத்துத் தகடு போட்டேன். மைக்ராஸ்கோப்பில் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ரத்த அணுவுக்குள் மோதிரம், மோதிரமாகக் கிருமி. ஆம்புலன்ஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே போய்விட்டான். அவன் வைத்திருந்த சீட்டுகளை எல்லாம் பிறகு எடுத்துப் பார்த்தேன். பெயர் இருந்தது, வயது இருந்தது. முகவரி என்ற இடத்தில் கம்பெனி பெயர் இருந்தது. சொந்த ஊர் ஒன்றிலும் இல்லை. இருந்திருந்தால் யாருக்காவது பொறி தட்டியிருக்கும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் பதினைந்து, இருபது நிமிடத்தில் பதில் சொல்லும் பட்டை ஒன்று போதும். அரசு நிலையங்களில் அது இலவசம்.

அது அவன் ஒருவனோடு நிற்கிற விஷயமும் இல்லை. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டெஃபென்சி கொசு நம் மொட்டைமாடித் தொட்டியிலும் சிமெண்ட் தொட்டியிலும் வளர்கிறது. வாரத்துக்கொருமுறை வரும் தண்ணீரைப் பிடித்து வைத்து மூடி போடாமல் விடுவது நாம். கிருமி ஒரு ஊரிலிருந்து வரலாம். கொசு நம்மூர்க் கொசு.

காசநோய்க்கு வருகிறேன். என் வாழ்க்கையில் பாதியைத் தின்ற நோய் இது.

வடக்கத்திப் பசங்க கொண்டுவந்து பரப்புறாங்க என்று பேசுகிறார்கள். டீக்கடையில் மட்டுமல்ல, படித்தவர்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். உலகத்துக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர். 2023-ல் மட்டும் இந்தியாவில் 28 லட்சம் பேருக்குப் புதிதாக வந்திருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இதில் தமிழர், பீகாரி என்று பிரித்து யாரைக் கை காட்டுவது? நம்மில் பலர் உடம்பில் அந்தக் கிருமி உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதை எழுப்புவது எது என்பதுதான் கேள்வி. அரைவயிற்றுச் சாப்பாடு எழுப்பும். ஃபவுண்டரி மணலின் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தவருக்குக் காசநோய் வரும் ஆபத்து பல மடங்கு. எழுந்த கிருமி அடுத்தவருக்குத் தாவ, ஜன்னல் இல்லாத ஆஸ்பெஸ்டாஸ் அறை ஒன்று வேண்டும். அத்தனையும் கொடுத்தது யார்? நாம்தான். 2020 டிசம்பரில் சிங்கப்பூர் அரசு சொன்ன கணக்கில், அங்கே தொழிலாளர் விடுதிகளில் இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்குக் கொரோனா வந்து போயிருந்தது. அந்த விடுதிகளில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் அங்கே கொண்டுபோனதல்ல அது. அறைகள் அப்படி இருந்தன.

ஒரு ஃபவுண்டரித் தொழிலாளியின் சளித்தகடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள் குவியல் குவியலாக. மூன்று பிளஸ் என்று எழுதினேன். இருமல் எத்தனை நாளாக என்று விசாரித்தால் நான்கு மாதம். மூன்று கிளினிக் பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் இருமல் டானிக். ஒன்றில் ஐந்து நாள் லீவோஃப்ளாக்ஸசின். ஒன்றில் டெக்சா ஊசி. லீவோஃப்ளாக்ஸசின் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். ஆள் நான்கு நாள் தெம்பாவார், நோய் அடியில் போய்ப் பதுங்கும், கண்டுபிடிப்பது இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போகும். காசநோய்ப் பிரிவுப் பணியாளரோடு அவர் அறைக்கு நானும் போனேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. பத்துப் பேர். பகல் ஷிப்ட் போனவர் பாயில் இரவு ஷிப்ட்காரர் படுப்பார். பாய் ஆறுவதே இல்லை. அங்கேயே இன்னும் இரண்டு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். இருவரும் பாசிட்டிவ். மருந்து இல்லாமல் விடப்பட்ட ஒரு நோயாளி வருடத்துக்குப் பத்து, பதினைந்து பேருக்குக் கிருமியைக் கொடுப்பார் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். அது வெறும் எண்ணாக இருந்தது, அந்த அறை வாசலில் நிற்கும்வரை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் ஆண்டிபயாடிக் எழுதும் முன் சளி எடுத்து அனுப்புங்கள். நான் சொல்ல வந்ததில் மிக முக்கியமான வரி இதுதான். இப்போது என்னைப் போல நூறு ஃபீல்டு குனிந்து பார்க்கவும் வேண்டியதில்லை. சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் ஓரிரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்று சொல்லிவிடும். ட்ரூநாட் கோவாவில் செய்யப்படும் நம் நாட்டுக் கருவி. உங்கள் மேசைக்கடியில் நான்கு சளி டப்பா இருந்தால் போதும். அரசு நிலையத்தில் கேட்டால் தருவார்கள்.

பாஷை பற்றி ஒரு வார்த்தை. வங்காளப் பையன் ஒருவன் ஓ.பி. சீட்டு வாங்க நின்றான். ஊர் எது என்று கேட்டதற்கு நெஞ்சில் கை வைத்து "காஷி, காஷி" என்றான். ஊர்: காசி என்று சீட்டில் எழுதினார்கள். நானும் அதைப் படித்துவிட்டு, காசியிலிருந்து வந்திருக்கிறான் போல என்று பேசாமல் இருந்துவிட்டேன். வயிற்றுவலி மாத்திரையோடு போனான். வங்காளியில் காஷி என்றால் இருமல். ஒடியாவில் காச. நாம் காசநோய் என்கிறோமே, அந்தக் காசமும் அதே சொல்தான். அவன் நம் சொல்லைத்தான் சொன்னான், நமக்குக் கேட்கவில்லை. ஏழு வாரம் கழித்து ரத்தம் துப்பிக்கொண்டு திரும்ப வந்தான். அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கினேன்: இருமல், காய்ச்சல், எத்தனை நாள், எடை குறைந்ததா, ஊர் போய் வந்தது எப்போது. இந்தி, ஒடியா, வங்காளி, சாத்ரி. எல்லாம் தமிழ் எழுத்தில். சொல்லிக்கொடுத்தவர்கள் மருந்து வாங்க வந்த தொழிலாளிகளே.

இனி, நீங்கள் செய்யக் கூடாது என்று நான் கெஞ்சிக் கேட்கும் ஒன்று.

இப்போதெல்லாம் கான்ட்ராக்டர்கள் பத்துப் பேரை வேனில் ஏற்றிவந்து, "ஃபுல் செக்கப் பண்ணுங்க டாக்டர், ரிசல்ட்டை எங்கிட்ட குடுத்துருங்க" என்கிறார்களாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, நெஞ்சு எக்ஸ்ரே. வேலைக்குச் சேர்க்கலாமா கூடாதா என்று முடிவு செய்வதற்காக. 2017-ல் வந்து 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, வேலை கொடுக்க நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கக் கூடாது. சம்பந்தப்பட்டவர் விளங்கிக்கொண்டு சம்மதிக்காமல் ரத்தம் எடுக்கக் கூடாது. முடிவை அவர் அனுமதியின்றி வேறொருவரிடம் கொடுக்கக் கூடாது. பரிசோதனை வேண்டுமென்றால் அவரை நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள்; ஆலோசனை சொல்லி, ரகசியமாக, இலவசமாகப் பார்ப்பார்கள்.

சட்டத்தை விடுங்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மில் வாசலில் முகாம் போட்டோம். நல்ல எண்ணத்தில்தான் போட்டோம். எக்ஸ்ரே வண்டி வந்தது. வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கான்ட்ராக்டர் பட்டியலோடு பக்கத்திலேயே நின்றார். மூன்று பேர் படத்தில் சந்தேகம். மறுநாள் காலைச் சளி கொண்டுவரச் சொல்லி டப்பாவில் பெயர் ஒட்டிக் கொடுக்கத் தயாராக வைத்திருந்தேன். அன்று சாயங்காலமே மூவரையும் கணக்கு முடித்து ரயிலேற்றிவிட்டார்கள். பெயர் ஒட்டிய மூன்று காலி டப்பாக்கள் என் மேசையில் பல நாள் இருந்தன. அவர்கள் மூவரும் இரண்டு ராத்திரி பொதுப் பெட்டியில் நெருக்கியடித்துப் பயணம் செய்து, மருந்தில்லாமல், பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அடுத்த முகாமுக்கு அந்த மில்லில் இருமல் உள்ளவர் ஒருவர்கூட வரவில்லை. வருவார்களா? இருமலை அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள்.

2023 மார்ச்சில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியதும் திருப்பூர், கோவை ரயில் நிலையங்களில் எத்தனை கூட்டம்! பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. அப்படிப் பயந்து கிடக்கும் மனிதரிடம் ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு எடுக்கும் ரத்தம் அவருக்குப் போலீஸ் விசாரணைபோலத்தான் தோன்றும். உங்கள் கிளினிக்கின் பலமே அங்கே யாரும் ஆதார் கேட்பதில்லை என்பதுதான். இங்கிலாந்தில் ஒருவர் குடும்ப டாக்டரிடம் பதிந்துகொள்ள முகவரிச் சான்றோ குடியேற்றச் சான்றோ கட்டாயமில்லை. நோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து புதிதாக வந்த இளவயதினரை அழைத்து, உறங்கும் காசநோய் இருக்கிறதா என்று அந்தக் குடும்ப டாக்டர் வழியாகவே பார்க்கும் ஏற்பாடும் 2015-லிருந்து அங்கே உண்டு. அந்த நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இருந்தது. படிக்கப் போன நம் பிள்ளைகள்தான் அங்கே வடக்கத்தியர்.

வளைகுடாவுக்குப் போனவர் குடும்பத்தில் யாரேனும் உங்களுக்குத் தெரிந்திருப்பார்கள். மெடிக்கலில் 'அன்ஃபிட்' என்று ஒற்றைச் சொல்லில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்! நெஞ்சு எக்ஸ்ரேயில் எப்போதோ ஆறிப்போன தழும்பு ஒன்று இருந்தால் போதும். ஏன், எதனால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்வாரில்லை. அதற்கும் முந்தைய தலைமுறையில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் தடுத்துவைத்து, உடம்பையும் துணிமணியையும் சோதித்துத்தான் கப்பலேற்றினார்கள். தோட்டத்துக்குப் போய் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்க அந்தச் சோதனை உதவவில்லை.

இந்த இடத்தில் டாக்டர் பி. எச். டேனியலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். வைத்தியம் பார்க்க வந்த முதிய தொழிலாளிகளிடம் அவர்கள் கதையைக் கேட்டுக் கேட்டு 1969-ல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். உங்களைப் போல ஒரு டாக்டர், நோயாளியிடம் ஊர் எது, எப்படி இங்கே வந்தாய் என்று கேட்டதில் பிறந்த புத்தகம் அது. அன்று அவர் கேட்டது திருநெல்வேலிக்காரர்களிடம். இன்று அதே வால்பாறைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பது ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பெண்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயமுத்தூரைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. சனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போய்க் கூடாரத்தில் கிடந்தார்கள். ஊரின் பல இடங்களில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. ஊரைவிட்டு ஓடி வந்தவரிடம் நோய் இருக்குமோ என்று பக்கத்து ஊர்கள் பயந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்.

கண்டுபிடித்தால் போதுமா? அதற்குப் பிறகு ஆறு மாதம் இருக்கிறது. அந்த ஆறு மாதத்துக்கு வழி செய்யாத பரிசோதனையால் வேலை போகும், நோய் அப்படியே இருக்கும்.

1956-ல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தாய் அது. ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் வைத்தார்கள். மறுபாதியை நெரிசலான அவரவர் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. உலகம் சானடோரியங்களைக் கைவிட அந்தச் சென்னை ஆய்வும் ஒரு முக்கியக் காரணம். நம் பெருந்துறை சானடோரியம் இருந்த இடத்தில் இன்று மருத்துவக் கல்லூரி நடக்கிறது. ஆகவே, மருந்து ஆரம்பித்த தொழிலாளியை ஊருக்கு விரட்ட அவசியமே இல்லை என்பது அறுபது வருடத்துக்கும் முன்னால் நம் மாநிலத்திலேயே நிரூபிக்கப்பட்ட விஷயம். மருந்து ஒழுங்காக உள்ளே போனால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்தில் பரவும் தன்மை அடங்கத் தொடங்கிவிடும். இதை முதலாளியிடம் நான் சொன்னால் ஏறாது. டாக்டர் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தால் ஏறும். "இரண்டு வாரம் ஓய்வு, அதன் பிறகு தூசியில்லாத வேலை" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ஒருவருடைய பிழைப்பைக் காப்பாற்றும் வரி அது.

2012-லிருந்து தனியார் டாக்டரும் காசநோயைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவுக்கு 500, சிகிச்சை முடிந்ததைத் தெரிவித்தால் 500 என்று உங்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. அந்தத் தொகைக்காக நீங்கள் செய்யப்போவதில்லை. அரசின் நிக்ஷய் பதிவுத் தளத்தில் பெயர் ஏறினால் அந்த நோயாளிக்கு நடப்பதற்காகச் செய்யுங்கள். மருந்து இலவசமாக வரும். சாப்பாட்டுக்கு மாதம் 1000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்குப் போகும். 2024 நவம்பர் வரை 500 ஆக இருந்தது. நடுவில் அவர் ஊருக்குப் போக நேர்ந்தால் அதே நிக்ஷய் எண்ணில் ஜார்க்கண்டின் கும்லாவிலோ ஒடிசாவின் கஞ்சாமிலோ மருந்தைத் தொடரலாம். ஊருக்குப் புறப்படுகிறேன் என்று அவர் சொன்னதும் அந்த எண்ணைச் சீட்டில் பெரிதாக எழுதி, 1800 11 6666 என்ற இலவச எண்ணையும் எழுதிக் கொடுங்கள். பயணத்தில் அறுந்துபோன மருந்து, கட்டுப்படாத காசநோயாகத் திரும்பி வருவதை நான் தகட்டில் பார்த்திருக்கிறேன்.

சாப்பாடு என்றேனே, அது சும்மா சொல்வதல்ல. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்த 'ரேஷன்ஸ்' ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. அதிலும் நம் சென்னை நிறுவனத்துக்குப் பங்குண்டு. அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தடுப்பூசிபோல வேலை செய்திருக்கிறது சாப்பாடு.

இ.எஸ்.ஐ. விஷயமும் கேளுங்கள். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அதில் நோயாளிக்கு என்ன கிடைக்கும் என்று பலருக்குத் தெரியாது. காசநோய், தொழுநோய் போன்ற நீண்ட நோய்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருடம் வரைகூட, நீட்டித்த உதவியாக உண்டு. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு வருடம் தொடர்ந்து காப்பீட்டு வேலையில் இருந்திருக்க வேண்டும். கான்ட்ராக்டர் மாறி மாறி, பெயரே பதியப்படாமல் இருப்பவருக்கு அது கானல்நீர். வெளிமாநிலத் தொழிலாளிக்கு இலவச மருத்துவமும் தகுந்த தங்குமிடமும் கான்ட்ராக்டர் தரவேண்டும் என்று 1979-ஆம் வருடச் சட்டமே சொன்னது. நான் மிதித்த அறைகளில் அந்தச் சட்டத்தின் சுவடு தெரியவில்லை.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உணர்ச்சியில்லாத தேமல் கண்ணில் பட்டால் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகையும் பாருங்கள். தொழுநோய் வெளியே தெரிய ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும். மருந்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோதான். கையும் காலும் மடங்கும் முன் பிடித்துவிடலாம். ஜார்க்கண்டின் தும்கா, பாகுர், கோட்டா, சாகிப்கஞ்ச் மாவட்டக்காரருக்கும் வடக்கு பீகார்காரருக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், கூடவே மண்ணீரல் வீக்கம் என்றால் காலா அசாரை நினையுங்கள். நம் மருத்துவக் கல்லூரிகளில்கூட அரிதாகப் பார்க்கும் நோய் அது. யானைக்கால் கிருமி இரவு பத்து மணிக்குமேல்தான் மேல்ரத்தத்துக்கு வரும். பகலில் எடுத்த தகட்டில் இல்லையென்று நான் எழுதினால் அதை நம்பாதீர்கள்.

எல்லோரையும் எல்லாவற்றுக்கும் சோதிக்கச் சொல்லவில்லை. காய்ச்சலோடு வந்தவரிடம் ஊரைக் கேட்டு மலேரியா. இரண்டு வாரம் இருமினால் சளி. உடம்பில் தேமல் இருந்தால் ஒரு பஞ்சுத் துணுக்கால் தொட்டுப் பார்ப்பது. அவ்வளவுதான். முடிவை அவரிடம், அவர் பாஷையில், தனியாகச் சொல்லுங்கள். கூட வந்த மேஸ்திரியை ஐந்து நிமிடம் வெளியே நிற்கச் சொல்லுங்கள்.

நான் மேலே சொன்ன மூன்று பிளஸ் ஃபவுண்டரிக்காரர் ஆறு மாதமும் மருந்து சாப்பிட்டார். அறைக்காரப் பையன்கள் முட்டையும் பருப்பும் வாங்கிப் போட்டார்கள். அவருடைய மேஸ்திரி நல்லவர். மணல் சலிக்கும் இடத்திலிருந்து கேட் வேலைக்கு மாற்றினார். கடைசிச் சளியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். நூறு ஃபீல்டும் பார்த்து முடித்தேன். தானும் பார்க்கலாமா என்று கையால் கேட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து இடம் விட்டேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். வெறும் நீலம். "இத்னா ஹி?" என்றார். ஆமாம், அவ்வளவுதான் என்றேன் தமிழில். அவருக்குப் புரிந்தது.

தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் ஊர் போனவர்கள் கார்த்திகையில் திரும்புவார்கள். ஹோலிக்குப் போனவர்கள் பங்குனியில். அந்த வாரங்களில் உங்கள் பெஞ்சு நிறையும். என் நோட்டில் இருந்த கேள்விகளை ஒற்றைப் பக்க அட்டையாகப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தி, ஒடியா, வங்காளி, சாத்ரி வாக்கியங்கள் தமிழ் எழுத்தில். அடியில் சளி எங்கே அனுப்புவது என்ற விவரம். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். வேண்டுமென்று சொன்னால் நானே கொண்டுவந்து தருகிறேன். பஸ் இருக்கும் ஊர் எதுவானாலும் வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
சூலூர் வட்டம்